விரிப்பின் மறுமுனை

சலவைக்கூடத்தில் பெரிய படுக்கைவிரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, இழுத்து, நடந்து வந்து நடுவில் சேர வேண்டும். முகத்துக்கு நேரே முகம் வரும். மூலைகளைக் கைமாற்றிவிட்டு மறுபடி விலக வேண்டும். நாள் முழுக்க இதுதான் வேலை. மறுமுனையைப் பிடித்தவள் விரிப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடவும் முடியாது.

டப்பாக்காரி வைட்டமின் விற்றுப் பழகியது இந்த நடையில்தான். டப்பாவும் கையுமாகவே திரிந்ததால் கூடத்துப் பெண்கள் வைத்த பெயர் அது. முதல் மடிப்பில் "என்னக்கா, சோர்வா இருக்கீங்க" என்பாள். இரண்டாவதில் கால்வலியை விசாரிப்பாள். மூன்றாவதில் டப்பா வந்துவிடும். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் என்ற கதை தலையணை உறைகளை மடிக்கும்போது வரும். வாங்காத ஆளில்லை. மாத்திரையை நம்பி யாரும் வாங்கவில்லை. நாளைக்கும் அவளோடுதானே மடிக்க வேண்டும். சேர்க்க ஆள் தீர்ந்த பிறகு, அவள் வருவதைக் கண்டாலே ஆளுக்கொரு மூலையில் பதுங்கினார்கள்.

அவளை இதில் சேர்த்துவிட்டவர் கூடத்தின் சூப்பர்வைசர். அவள் விற்பதில் அவருக்கும் பங்கு உண்டு. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். மாதாமாதம் புது டப்பாக்களை எடுக்காவிட்டால் இதுவரை உழைத்ததெல்லாம் வீண் என்று அவளை நெருக்கினார். யாரும் வாங்காத மாதங்களில் அவள் அண்ணனிடம் போய் நின்றாள்.

அண்ணன் மூட்டை தூக்குகிறவன். சர்க்கரை நோய் வேறு. தங்கைக்கு இல்லை என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. சர்க்கரை மாத்திரை, இது, ரெண்டையும் வாங்க முடியாதும்மா என்று மட்டும் தயங்கினான். சூப்பர்வைசர் கற்றுக்கொடுத்ததை அவள் அப்படியே ஒப்பித்தாள்.

"இதைச் சாப்பிட்டா அந்த மாத்திரையே வேணாம்ணே."

அவளும் அதை நம்பினாள். கொடுமை அதுதான்.

அன்று காலையும் அவளோடு மடிக்க யாரும் வரவில்லை. இரண்டு மூலைகளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அப்போது அண்ணி உள்ளே வந்தாள். சர்க்கரை மாத்திரையை நிறுத்தியபின் காலில் புண்ணாகி, அண்ணனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள், தலைகூட வாரவில்லை. கல்யாணத்துக்கு முன்பு அண்ணியும் இந்தக் கூடத்தில் மடித்தவள்தான். மறுமுனையை எடுத்து உதறினாள். இருவரும் நடந்து வந்து நடுவில் சேர்ந்தார்கள்.

"முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க," என்றாள் அண்ணி.

விலகினார்கள். மறுபடி நெருங்கினார்கள்.

"மூட்டை தூக்குற மனுஷன்."

மூன்றாவது முறை அண்ணி மூலைகளைக் கைமாற்றவில்லை. நெற்றியால் அவள் மூக்கில் மோதினாள். எந்திரங்களின் இரைச்சலிலும் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விரிப்பைக் கழுத்தில் சுற்றி ஈரத்தரையில் தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றினாள். மேஜைக்கடியில் இருந்த பையைக் கவிழ்த்ததும் டப்பாக்கள் நாலாபக்கமும் உருண்டன. ஒன்றைத் திறந்து கைநிறைய மாத்திரைகளை அள்ளி வாயில் திணித்தாள். வாய் திறக்காதபோது டப்பாவாலேயே உதட்டில் குத்தினாள். முன்பல் ஒன்று உடைந்தது.

"முழுங்குடி. அவருக்குக் கால் முளைக்கிற வரைக்கும் முழுங்கு."

சுற்றி நின்ற பெண்கள் அசையவில்லை. அவர்களில் ஓரிருவருக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது.

டப்பாக்காரி தடுக்கவில்லை. மென்றாள், விழுங்கினாள். மாத்திரையின் மஞ்சளும் இரத்தமும் கலந்து கடைவாயில் வழிந்தது. அண்ணனை வந்து பார்க்கலாமா என்று நடுவில் கேட்டாள். அதற்குத்தான் அண்ணி இன்னும் பலமாக அறைந்தாள். அறைந்த கையோடு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"உன்னை ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தாண்டி அனுப்பினாரு."

கூச்சல் கேட்டு சூப்பர்வைசர் வந்தார். இவர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார் என்று டப்பாக்காரி கையைக் காட்டினாள். உடைந்த வாயிலிருந்து சொல் சரியாக வரவில்லை. அவர் அவளைப் பார்க்காமல், எந்த டப்பா, யார் விற்றது, வேலை செய்கிற இடத்தில் இதென்ன வியாபாரம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி அதட்டினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். காவலாள் அவளையும் அண்ணியையும் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினான்.

பெண்கள் தரையைக் கழுவத் தொடங்கினார்கள். சூப்பர்வைசர் குனிந்து டப்பாக்களைப் பொறுக்கினார். திறந்து கிடந்ததை மட்டும் குப்பையில் போட்டார். மற்றவற்றில் சீல் உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, ஈரத்துணியால் இரத்தத்தைத் துடைத்து, தன் மேஜை டிராயருக்குள் அடுக்கினார்.