பாதிக்கு மேல் இருந்தால் விதை

பலகையின் மேல் ஒரு கோதுமை மணி உடைந்து கிடந்தது. இடுக்கியால் புரட்டிப் பார்த்தேன். லென்ஸை இழுத்து வைத்தும் பார்த்தேன். பாதிக்கு ஒரு மயிரிழை கூடுதல் என்று தோன்றியது, சுத்த விதைக் கிண்ணத்தில் போட்டேன். விதைப் பரிசோதனைக் கூடத்தில் சட்டம் அப்படித்தான். மூட்டையிலிருந்து எடுத்த மாதிரியைப் பலகையில் கொட்டி மணி மணியாகப் பிரிக்க வேண்டும். சுத்த விதை ஒரு பக்கம், வேறு பயிர் ஒரு பக்கம், களை விதை தனி, தூசு தனி. உடைந்த மணி பாதிக்கு மேல் இருந்தால் அது விதை. பூச்சி அரித்திருக்கட்டும், சுருங்கிப் போயிருக்கட்டும், முளைக்குமா முளைக்காதா என்றுகூட என் மேஜையில் யாரும் கேட்கக் கூடாது. பத்தொன்பது வருஷமாக நான் செய்கிற வேலை இது.

பக்கத்து மேஜையில் எடை போடுகிறவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், அந்த ஒத்த மணியோட காலையிலேர்ந்து குடும்பம் நடத்துறீங்க?"

"பாதி இருக்கா இல்லையான்னு பாத்தேன்."

"சந்தேகமா இருந்தா?"

"சந்தேகமா இருந்தா விதைதான்."

"அடேங்கப்பா! நியாயத்தீர்ப்பு நாள்ல உங்களை அங்க உக்கார வெச்சா எங்களுக்கெல்லாம் மோட்சத்துல எடம் கெடைச்சிரும் போலிருக்கே!" என்று சிரித்தார். சிரித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு தராசுப் பக்கம் திரும்பிவிட்டார். பாவம், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட வேண்டியவர்களின் வரிசையில் அவருக்கு ரொம்பப் பின்னால்தான் இடம்.

எனக்கு ஒரே மகன். ஏழு மாதத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். இப்படிப் போனவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களோடு இடம் கிடையாது என்று சபை மூப்பர்கள் கூடி முடிவு செய்தார்கள். சுவரோரம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார்கள். கோயில் மணி அடிக்கவில்லை. அந்த மூப்பர்களில் என் கணவரும் ஒருவர். அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்கவே இல்லை அந்த மனுஷன். தையல்காரர். மகனுக்குக் கடைசியாகப் போட்ட சட்டையை அவரே அன்றைக்கு உட்கார்ந்து தைத்தார். பொத்தான் ஓட்டைகளை மிஷினில் போடாமல் கையால் முடித்தார். அதையும் பார்த்தேன், இதையும் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆள்தானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்தபோது வெட்டு மேஜைமேல் வேதத்தை விரித்து வைத்துச் சத்தமாகப் படித்துப் பழகிக்கொண்டிருந்தார். ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிறவர் அவர்தான். வாசலிலேயே என் காதில் விழுந்துவிட்டது. இயேசு சொன்ன கோதுமையும் களையும் கதை.

"நாளைக்கு இதுவா?"

"ம்."

"வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க. இல்லன்னா அந்தக் கடைசியில நெருப்பு வர்ற எடத்தையாவது விட்டுருங்க."

"அது என்ன துணியா, வேண்டாததை வெட்டிப் போட?"

பையைக் கீழே வைத்தேன். ஏழு மாதமாகத் தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"அவன் எங்க இருக்கான்னு நெனைக்கிறீங்க? ஆண்டவர்கிட்ட இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பொய்யாவது சொல்லுங்களேன். உங்க வாயால கேட்டா எனக்குப் போதும்."

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "தெரியாததை எப்படிச் சொல்றது?" என்றார்.

அவ்வளவுதான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்று முழுக்க நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை அவர் வாசித்தார். நல்ல விதை விதைத்த வயலில் பகையாளி வந்து களையைத் தூவிவிட்டுப் போனது. வேலைக்காரர்கள் பிடுங்கட்டுமா என்று கேட்டது. வேண்டாம், கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுப்புவரை இரண்டும் வளரட்டும் என்று எஜமான் சொன்னது. அந்த இடத்தில் அவர் நிறுத்துவார் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். நிறுத்தவில்லை. களையை முதலில் சேர்த்து, கட்டுக்கட்டாகக் கட்டிச் சுட்டெரிப்பதையும், கோதுமை களஞ்சியத்துக்குப் போவதையும், குரல் பிசிறாமல் வாசித்து முடித்தார். ஜனங்கள் ஆமென் என்றார்கள். அதில் ஒரு குரல் எனக்கு ரொம்பப் பக்கத்தில் கேட்டது. என்னுடையதுதான். நாற்பது வருஷப் பழக்கம், என்னைக் கேட்காமல் வாய் சொல்லிவிட்டது. என் பிள்ளையை எரிப்பதற்கு நானும் ஆமென் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு போதகர் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை.

வெளியே வரும்போது வாசலில் போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயசு, வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"மன்னிச்சிருங்க சிஸ்டர். நான் வேற பகுதிதான் குடுத்தேன். அண்ணன்தான் இதுதான் வேணும்னு கேட்டு வாங்கினாரு."

எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. கணவருக்காக நிற்காமல் வீட்டுக்கு நடந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் கோர்த்துக்கொண்டே போனேன். பின்னாலேயே வந்தார். கட்டிலில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"கேட்டு வாங்கினீங்களாமே? பெத்த புள்ளை எரியிறதைச் சபைக்கு நடுவுல நின்னு படிக்கணும்னு அப்படி என்னங்க ஆசை? நீங்கல்லாம் மனுஷனா?"

நிமிரவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னைக்குக் காலையில எனக்கு போன் பண்ணான்."

எனக்கு இது தெரியாது. ஏழு மாதம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறேன், தெரியாது.

"'அப்பா, என்னால முடியலப்பா'ன்னான். கையில வேலை இருந்துச்சு. 'எல்லாருக்கும்தான் முடியல'ன்னு சொல்லி போனை வெச்சிட்டேன்."

ஒரு ஷூவின் முடிச்சை இழுத்து அவிழ்த்தார்.

"கூட்டத்துல வாயத் தொறந்தா இதுதான் வெளிய வந்திருக்கும். அதான் தொறக்கல. அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. நான் எங்க போவேன்னு மட்டும் தெரியும்." ஒரு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். "அதுல பாரு, களையை ஒண்ணொண்ணா எரிக்கறதில்ல. கட்டாக் கட்டித்தான் போடுறாங்க. அவன் ஒருவேளை அங்க இருந்தாலும் தனியா இருக்க மாட்டான். அப்பனையும் புள்ளையையும் ஒரே கட்டுல வெச்சா போதும் எனக்கு. தினமும் அந்த எடத்தைத்தான் படிக்கிறேன். அதைப் படிச்சாத்தான் கொஞ்சம் மூச்சு வருது."

போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு ஒரு பயம் வந்தது.

"அப்ப நான்?"

"நீயா?" முதல் தடவையாக என்னைப் பார்த்தார். கண் சிவந்து கிடந்தது. "நீ ஏம்மா இதுக்குள்ள வர? நீ என்ன தப்பு பண்ண? நீ கோதுமை."

அன்போடுதான் சொன்னார். அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை.

"அவ்வளவு பெரிய களஞ்சியத்துல நான் மட்டும் போயி என்னங்க செய்யறது?"

அவர் மறுபடி குனிந்தார். இன்னொரு ஷூ காலிலேயே இருந்தது. கயிற்றின் நுனியைப் பிடித்த விரல்கள் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.