பாறையும் தேரியும் ஊற்றும்

என் கணவர் சத்தியநாதனுக்குச் சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு பாறை, ஒரு தேரி, ஒரு ஊற்று. மூன்றும் தூத்துக்குடிக்குத் தெற்கே, புன்னைவிளை என்கிற அவருடைய கடற்கரை ஊரில் இருக்கின்றன. அவையும் அவர் பெயரில் பட்டா ஆனவை அல்ல. ஆனால் மெட்ராஸில் நாங்கள் குடியிருக்கும் சிட்லபாக்கத்தில் அவர் பேசுவதைக் கேட்டால், ஆதாமுக்கு அடுத்தபடி அவருக்குத்தான் எழுதிவைத்தது என்று நினைப்பீர்கள்.

காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் ஆபீசுக்கு இறங்குவதற்குள், பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மூன்றையும் சுற்றிக் காட்டிவிடுவார். "கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும் சார், பாறை. சாயங்காலம் அதுல உட்கார்ந்தா கவலையெல்லாம் பறந்துடும். தேரின்னா செக்கச்செவேல்னு மணல் மேடு, காத்தடிச்சா இடம் மாறும். ஊத்து இருக்கே, அலை அடிக்கிற இடத்துல கையால தோண்டுங்க, நல்ல தண்ணி வரும்!" கேட்டவர் வாயைப் பிளப்பார். "மே மாசம் அசனத்துக்குப் போறோம், குடும்பத்தோட வாங்க" என்று முடிப்பார். வாய்தானே, அதற்கென்ன வலியா? வலிக்கிற கை என்னுடையது.

அசனம் என்பது ஊர் சர்ச்சில் எங்கள் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அதற்காகத்தான் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டைத் திறப்போம். நான் ஒட்டடை அடித்து அடுப்பைப் பற்றவைப்பதற்குள் மெட்ராஸ் விருந்தாளிகள் குளித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வருஷம் ஆபீஸ் டைப்பிஸ்ட் குடும்பம். ஒரு வருஷம் பொழிச்சலூரிலிருந்து பாடகர் குழு முழுவதும். அவர்கள் கடலுக்குப் போவார்கள். நான் மீன் ஆய்வேன். அவர்கள் திரும்பி வந்து, கடல் காற்றுக்கு நன்றாகப் பசிக்கிறது என்பார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம், பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்தபோது எனக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. குனிந்தால் நிமிர முடியவில்லை. ரெஸ்ட் எடுக்காவிட்டால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷம் யாரையும் கூப்பிடாதீங்க" என்றேன். "ஒரு வாரம் நான் சும்மா இருக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

"ஒரு ஈ காக்கா வராது, போதுமா?" என்றார்.

ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் பால்காரி பச்சையம்மா வாசலில் நின்று, "இன்னா டீச்சரம்மா, அரிகிருஷ்ணன் சார் வூட்டு ஆளுங்களும் உங்க ஊருக்கு வராங்களாமே? அந்தம்மா புதுப் பொட்டி வாங்கிகினு வந்துச்சு. பாலுகூட வேணாம்னு சொல்ட்டாங்க" என்றாள்.

அரிகிருஷ்ணன் என் கணவருடைய ஆபீசில் ஹெட் கிளார்க். அடுத்த தெருதான். மனைவி காமு, மூன்று பிள்ளைகள். சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"நான் கூப்பிடல மெட்டில்டா. பாறையைப் பத்திச் சொன்னேன். அவராத்தான் வரேன்னாரு. வராதீங்கன்னா சொல்ல முடியும்?"

"அவங்க சைவம், அதாவது தெரியுமா?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. மீனென்றால் கடலில் கிடைக்கும். அந்த ஊரில் கத்தரிக்காய்க்கு நான் எங்கே போவேன்? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் எங்கள் வீட்டு நெய்தான். அழக்கூடத் தெம்பில்லாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

காமு நல்லவள். ஊருக்குப் போன முதல் நாளே அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இவர்தான், "விருந்தாளி நீங்க, எழுந்திருங்க. மெட்டில்டாவுக்கு இதெல்லாம் பழக்கம்" என்று அவளைக் கடலுக்கு அனுப்பிவைத்தார். பழக்கம்தான். இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றபடியே சமைத்தேன்.

திரும்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் காமு நனைந்த புடவையோடு அடுக்களைக்கு வந்தாள். "அக்கா, நீங்க சிட்லபாக்கத்துல சொன்னப்போ நான் நம்பல. ஊத்து முதல்ல கலங்கலா வருது, அப்புறம் தெளியுது. குடிச்சு முடிச்சப்புறம் லேசா ஒரு இனிப்பு. கடைசியிலதானே அது தெரியுது?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஊற்றைப் பற்றி அவளிடமும், பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடமும் நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அத்தனையும் இவர் சொன்ன வார்த்தைகள்.

"தெரியாது காமு. நான் குடிச்சதில்ல."

அந்த நேரம் பார்த்து இவர் காப்பி கேட்டு உள்ளே வந்தார். காமு சிரித்தாள். "அக்கா விளையாடறாங்க சார். ஊத்துத் தண்ணி குடிச்சதே இல்லையாம்."

"அதெப்படி? கல்யாணமான புதுசுல போனோமே" என்றார் இவர்.

"நீங்களும் உங்க தம்பியும் போனீங்க. நான் இடியாப்பம் பிழிஞ்சேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் டைப்பிஸ்ட் வந்தார்."

"பாறைக்கு வந்திருக்கியே?"

"வாசல்ல நின்னா தெரியும்."

"தேரி?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"துணி காயப்போட்டா அதுல செம்மண் ஒட்டும். அதான் தேரின்னு தெரியும்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அசதியாக இருந்தது, அவ்வளவுதான். இவர் அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். காமு சிரிப்பதை நிறுத்திவிட்டாள். என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "வெயில் இறங்கினதும் ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. ராத்திரிச் சமையல் என்னோடது" என்றாள்.

இவர் என் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டிப்போனார். தேரி ஓரமாக மணலில் கால் புதைந்து புதைந்து, பாறைக்குப் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. பகல் சூடு இன்னும் பாறையில் இருந்தது. இடுப்பை அதில் சாய்த்ததும் ஒத்தடம் கொடுத்த மாதிரி இருந்தது. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கையை நீட்டினார். "மெட்டில்டா, இந்தப் பக்கம் பாரு..."

அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

கண் விழித்தபோது சூரியன் போயிருந்தது. என் தலைக்கடியில் அவருடைய சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பனியனோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஊத்து எங்கே?" என்று கேட்டேன்.

கீழே காட்டினார். கடல் ஏறி, அந்த இடம் முழுக்க அலை புரண்டுகொண்டிருந்தது.

"எழுப்பியிருக்கலாமே."

"மனசு வரல" என்றார். "நீ இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்ல." மறுநாள் விடியற்காலை ரயில் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன், பாரிமுனையில் துணி வாங்க நானும் அவரோடு மின்சார ரயிலில் போனேன். குரோம்பேட்டையில் ஏறிய ஒருவர் எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். கடைசியில், "சாருக்குச் சொந்த ஊர்?" என்றார். சரி, ஆரம்பம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"புன்னைவிளை. கடற்கரை ஊர்" என்றார் இவர்.

"பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கா சார்?"

"ஒரு பாறை இருக்கு. உட்கார்ந்தா நல்லாத் தூக்கம் வரும்."

"அப்படியா! அடுத்த லீவுக்கு நாங்க குடும்பத்தோட வரலாமா?"

"வரலாம். ஆனா அங்க சமைக்க ஆள் கிடையாது சார்" என்றார்.

பல்லாவரம் மலை தாண்டும்வரை நான் இவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அத்தனை பேர் நடுவே அழுதிருப்பேன்.