வலது கன்னத்து மச்சம்

படியில் பாதி ஏறியதும் தனராஜ் நின்றுவிட்டார். பாக்கியம் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பிடலாங்க. பஸ்ல ஏறவே கூடாதுன்னாரு டாக்டர்."

"ரோஸ் ஹில்லேர்ந்து வந்தாச்சு. இந்தப் படிக்கா அழுவுற?"

மொரீஷியஸின் போர்ட் லூயி அருங்காட்சியகத்தில் அன்று அச்சுச் சித்திரக் கண்காட்சி தொடங்கியது. ரம் பாட்டில் லேபிள்கள், தீப்பெட்டிப் படங்கள், தேர்தல் சுவரொட்டிகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அச்சகத்தில் அச்சுக்கல்லின் மேல் படம் வரைந்தவர் தனராஜ். அவருடைய தேயிலைச் சுவரொட்டி நடுச்சுவரில் இருந்தது. அதில் கோப்பையோடு சிரிப்பவள் மார்லென். அச்சகத்தில் காகிதம் அடுக்குகிறவள்.

அருகே, உள்ளங்கை அளவில் ஒரு சோப்பு உறை. அதில் பாக்கியத்தின் முகம், கல்யாணமான புதிதில் வரைந்தது. கல்லில் நேராக வரைந்தால் தாளில் இடம் வலம் மாறிவிடும். ஆளைக் கண்ணாடியில் பார்த்துத்தான் வரையவேண்டும். அன்று அவர் கண்ணாடி வைக்கவில்லை. அவளுடைய வலது மூக்குத்தி இடப்பக்கம் போயிருந்தது. "யாரு பாக்கப்போறா?" என்று சிரித்தார்.

பாக்கியம் சுவரொட்டியைப் பார்த்தாள். மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. மார்லெனுக்கும் அங்கேதான்.

"இவளுக்கு மட்டும் கண்ணாடி வச்சீங்களாக்கும்?"

அவர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சுவரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்யே தனராஜ்! கி மான்யேர்?"

நலம் கேட்டது மார்லெனேதான். புதுத் தொப்பி. பாக்கியத்திடமும் க்ரியோல் மொழியிலேயே கேட்டாள். "இப்படி இளைச்சுட்டாரே! மாதாம், வீட்ல சோறு போடுறதில்லையா?"

"போடுறேன். சாப்பிடுறவரு பார்வை வேற எங்கயோ."

தனராஜ் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் சட்டென்று நின்றது. தலை சுவரில் சாய்ந்தது.

"ஆயோ! தண்ணி!" என்று மார்லென் ஓடினாள்.

பாக்கியம் அவர் மார்பில் கை வைத்தாள். அழுத்தி வைத்தாள். ஒன்றும் அசையவில்லை. கண்கள் திறந்திருந்தன. அவை போகும் திசையை அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவர் தாடையைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் திருப்பி, இமைகளை மூடினாள்.

மார்லென் தம்ளரோடு வந்து மண்டியிட்டாள்.

"உதட்டையாவது நனைக்கிறேன், மாதாம்."

"கொடு."

பாக்கியம் தம்ளரை வாங்கினாள். ஒரு சொட்டு விடாமல் தானே குடித்தாள்.