ஆமையின் கடைசிப் பக்கம்

ரக்ஷனா பக்கத்தைப் புரட்டப் போனாள். செலஸ்டின் சட்டென்று உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

“முந்தின பக்கத்த இன்னொரு தடவ படிம்மா.”

“ஆல்ரெடி படிச்சாச்சு ஆன்ட்டி. இன்னும் ஒரே பேஜ்தான் லா.”

ஒரே பக்கம் என்பது செலஸ்டினுக்குத் தெரியாதா என்ன? அந்த ஒரு பக்கத்தை நினைத்துத்தான் காலையிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தாள்.

செங்காங் வட்டாரத்தில் அவள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி. தமிழ் வாசிக்கத் திணறும் தொடக்கநிலை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் செவ்வாய்தோறும் நூலகத்து மூலையில் துணையாக உட்காரும் தொண்டூழியம். ஜனவரியில் ரக்ஷனா எழுத்தைக் கண்டாலே மேசைக்கடியில் குனிந்து காலணியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பாள். அப்புறம் ஒருநாள் அவளே அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். கடலைத் தேடிப் போகும் ஓர் ஆமையின் கதை. வாரம் ஒரு பக்கம் நகர்ந்தது. சில வாரம் அரைப் பக்கம்தான்.

அந்தக் கதைக்கு வீட்டில் இன்னோர் ஆள் காத்திருந்தார். செலஸ்டினின் அண்ணன் அலெக்சாண்டர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவர். இப்போது ஈரலில் புற்றுநோயோடு தங்கை வீட்டு அறையில் படுத்திருந்தார். வேடிக்கைக்காக ஆமைக் கதையைச் சொல்லப்போக, மனிதர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனைதான்.

“பிள்ள படிச்ச வரைக்கும்தான் சொல்லணும். நீ முன்னாடி புரட்டிப் பாக்கக் கூடாது.”

ஜூனைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆமை சாலையைக் கடந்தது, கால்வாயில் விழுந்தது, தட்டுத்தடுமாறி மேலே ஏறியது. ஜூன் போனது, ஜூலையும் போனது. செலஸ்டினின் மனதில் எப்போதோ ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. கதை முடிகிற அன்று அண்ணனும் முடிந்துவிடுவார். ஞாயிறு பூசை தவறாத பெண் இப்படி நினைக்கலாமா என்று தன்னையே திட்டிப் பார்த்தாள். அது போகிற வழியாக இல்லை. அதனால்தான் சில வாரங்களாக, உச்சரிப்பைத் திருத்துகிறேன் என்ற சாக்கில், நன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளையை ஒரே பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் அது என்று தெரிந்தேதான் செய்தாள்.

இன்று காலை வந்த தாதி வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி, “இன்னிக்கோ நாளைக்கோ” என்றாள். செலஸ்டின் மாட்டியிருந்த பையைக் கழற்றினாள். கட்டிலிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

“போயிட்டு வா. ஆமை என்னாச்சுன்னு கேட்டுட்டு வா.”

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. திடலில் இருந்த பிள்ளைகளை ஆசிரியர் உள்ளே விரட்டிக்கொண்டிருந்தார். மடியில் கைத்தொலைபேசி அதிர்ந்தது. அண்ணனுக்குக் காவலிருந்த அத்தை அந்தோனியம்மாள் அனுப்பியிருந்தார். ‘மூச்சு மாறுது. வா.’

அதையே அவள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் குரல் கேட்டது. விரல் வைக்காமல், யாரும் எடுத்துக் கொடுக்காமல் ரக்ஷனா வாசித்துக்கொண்டிருந்தாள்.

“ஆமை மண... லில் நடந்தது. அலை வந்து ஆமை... யைத் தொட்டது. ஆமை பயப்... படவில்லை. ஆமை நீந்திப் போனது.”

புத்தகத்தை மூடினாள். “முடிஞ்சிருச்சு ஆன்ட்டி. நானே படிச்சேன்.”

பக்கத்தின் மேலிருந்த கையை எப்போது எடுத்தோம் என்று செலஸ்டினுக்கே தெரியவில்லை. “ஆமாடா, நீயேதான் படிச்ச” என்று பிள்ளையின் தலையைத் தடவினாள். அவளை ஆசிரியரிடம் விட்டுவிட்டு மழைக்குள் இறங்கினாள்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அத்தை செபமாலையும் கையுமாகக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார்.

“கண்ணு தொறக்கல. காது கேக்கும். இயேசு மரி சூசைன்னு காதுல சொல்லு. விடாம சொல்லு.”

சாகிறவர் காதில் கடைசியாக விழவேண்டியவை அந்த மூன்று பெயர்கள் என்பதில் அத்தை உறுதியாக இருந்தார். அப்பா போனபோதும் அவர்தான் சொன்னார்.

செலஸ்டின் ஈரத் தலையோடு குனிந்தாள். பிள்ளை இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன? இன்னொரு செவ்வாய் கிடைக்குமே. அண்ணனின் மூச்சு இழுத்தது, நின்றது, வெகுநேரம் கழித்து மறுபடி இழுத்தது. அவர் படும் பாட்டை அவளால் பார்க்க முடியவில்லை. இவரையுமா ஒரே பக்கத்தில் நிறுத்தி வைப்பது?

“அண்ணே, பிள்ள படிச்சிட்டா” என்று காதோடு சொன்னாள். “ஆமை மண... லில் நடந்தது.”

ரக்ஷனா நிறுத்திய இடங்களில் அவளும் நிறுத்தினாள். அலை வந்தது. ஆமையைத் தொட்டது. ஆமை பயப்படவில்லை. அண்ணன் இழுத்த மூச்சு வெளியே வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

“ஆமை நீந்திப் போனது” என்றாள்.

அவள் உதடு நின்றதைப் பார்த்து அத்தை சிலுவை போட்டுக்கொண்டு, “ஆமென்” என்றார்.

செலஸ்டின் தன் கூந்தலிலிருந்து அண்ணனின் காதுமடலில் சொட்டியிருந்த மழைத் தண்ணீரைப் புறங்கையால் துடைத்துவிட்டாள்.