குச்சி நட்ட இடம்

...அறுத்துவிட்டார்கள், பாதிக்கு மேல் அறுத்துவிட்டார்கள், இறந்துபோன அம்மாவின் நாற்பதாம் நாள் விருந்துக்குப் போய்த் திரும்புவதற்குள், கேட்காமல் கொள்ளாமல்... உல்கான் வண்டியிலிருந்து இறங்கிய கையோடு பையை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்து வேலியோரம் நின்றாள். மாட்டுத் தீவனத்துக்கான குதிரைமசால் புல்வயல் சிரைத்த தலையாகக் கிடந்தது, அதை ஒட்டி விதைக்காக அவள் போட்ட உருளைக்கிழங்கு வயல், பச்சைப் பசேலென்று, ஒன்றும் அறியாததுபோல. மிச்சப் புல்லில் ஊர் ஆண்கள் வரிசையாக அரிவாள் வீசிக்கொண்டிருந்தார்கள், முன்னால் கொழுந்தன் எசென். அஷாருக்கு வந்திருக்கிறார்கள், கூலியில்லாத உதவி, புருஷன் ரஷ்யாவில் கட்டடம் கட்டப் போயிருக்கிறான், ஒற்றைப் பெண்பிள்ளை என்ன செய்வாள் என்று... நல்ல மனசுதான், பாழாய்ப்போன நல்ல மனசு. அவளாகத்தானே அந்தப் புல்லை விட்டுவைத்தாள்? புல்லில் அசுவினிப் பூச்சி இருக்கிறது, அறுத்தால் இருக்க இடமில்லாமல் பறந்து பக்கத்துக் கிழங்குச் செடியில் உட்காரும், உட்கார்ந்து ஒரு வாய் குத்தினால் போதும், புல்லிலிருக்கும் மஞ்சள் தேமல் நோய் கிழங்குக்கு வந்துவிடும், மருந்தடித்தாலும் பூச்சி சாவதற்குள் குத்திவிடும். கிழங்குச் செடியின் தழையைப் பிடுங்கிய பிறகுதான் புல் என்று வைத்திருந்தாள். அதை யாரிடமாவது சொன்னாளா? சொல்லவில்லை. இவர்களுக்கு எதற்கு விளக்கம் என்ற வீம்பு.

எசென் அவளைப் பார்த்துவிட்டு அரிவாளை ஊன்றிக்கொண்டு சிரித்தான். "அண்ணி, புல்லு கிழடு தட்டிப்போச்சு, நீங்க இன்னும் அதுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கீங்கன்னு ஊரே பேசுது." மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் வரப்பிலிருந்த மஞ்சள் நிறப் பேசினை நோக்கிக் குனிந்தாள், பூச்சி வருகிறதா என்று பார்க்க சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பது, போகும்போது ஒன்றிரண்டு மிதந்தது, இப்போது... ஐயோ, கறுப்பு மிளகுத்தூளைக் கொட்டின மாதிரி, எல்லாம் சிறகோடு. என்றைக்கு அறுக்க ஆரம்பித்தார்கள்? நேற்றா, முந்தாநாளா? இலையில் ஏறிய நோய் கிழங்குக்கு இறங்கச் சில நாள் ஆகும் என்பார்கள், எத்தனை நாள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கத்தலாம், போங்கடா என்று விரட்டலாம், அஷாருக்கு வந்தவனை விரட்டினால் நாளைக்கு இவள் வீட்டில் பிணம் விழுந்தாலும் எவனும் எட்டிப் பார்க்க மாட்டான், விரட்டாவிட்டால் மிச்சப் புல்லிலிருப்பதும் கிளம்பி வரும். கிழங்கு இன்னும் முட்டையளவுகூட வரவில்லை, இப்போது தழையைப் பிடுங்கினால் அந்த அளவோடு நின்றுவிடும், நிற்கட்டும், நோயில்லாமல் நின்றால் போதும். அடுத்த வசந்தத்தில் இதைத்தானே விதைக்கப்போகிறார்கள், யார், இதோ அரிவாளோடு நிற்கிறார்களே இவர்களேதான், இந்த ஊர் முழுக்க விதைக்கு இவளிடம்தான் வருகிறது.

"புல்லை அப்படியே விடுங்க," என்றாள், குரல் தனக்கே அந்நியமாயிருந்தது, "எல்லாரும் கிழங்குக்கு வாங்க, தழையப் பிடுங்கணும், இன்னிக்கே." எசென் அவளையே பார்த்தான், அம்மா செத்த துக்கத்தில் அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்திருப்பான். அவள் பேசினைத் தூக்கி அவன் மூக்குக்குக் கீழே நீட்டினாள், விஷயத்தைச் சொன்னாள், மூச்சு விடாமல், கோபமும் அழுகையுமாக. அவன் முகம் சுருங்கியது. "முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க ஏன் அண்ணி தொடப்போறோம்?" அவ்வளவுதான் கேட்டான். அரிவாள்களை வேலியில் சாய்த்துவிட்டு வந்தார்கள், செடியின் இரு பக்கமும் கால் ஊன்றித் தழையை மட்டும் மேலே இழுக்க வேண்டும், கிழங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும், இரண்டு தடவை காட்டினாள், பிறகு அவர்கள் கை அவள் கையைவிட வேகமாக ஓடியது. ஒருவரும் பாட்டுப் பாடவில்லை. முதுகு விண்விண்ணென்று தெறித்தது, அங்கங்கே செடியோடு ஒரு சின்னக் கிழங்கும் வந்துவிட, அதைப் பார்க்காமலே மண்ணில் அழுத்தினாள்.

வெயில் சாயும் முன் வயல் மொட்டையாகிவிட்டது. எசென் வில்லோ மரக் குச்சி ஒன்றைச் சீவி எடுத்து வந்தான். புல்லோரத்து வரிகளைத் தனியாகத் தோண்டலாம், அதை விதைக்கு வேண்டாம், நாம் சமைத்துத் தின்றுவிடுவோம் என்றான், அவனாகவே சொன்னான், அவளுக்கு நிம்மதியாயிருந்தது. "எந்த வரி வரைக்கும் அண்ணி? நீங்க சொன்னாச் சரி." எல்லாரும் மண் கையைத் தட்டிக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள். மூணாவது வரி, என்றாள், யோசிக்காமல். எசென் அங்கே குச்சியை நட்டான், கேள்வி கேட்கவில்லை. பின் எல்லாரும் கை கழுவிவிட்டுத் தேநீருக்கு நடந்தார்கள், அவளும் நடந்தாள், ரொட்டி போதுமா, இறைச்சியை யார் வேகவைத்தது என்று எண்ணிக்கொண்டே... மதியத்துக்குமேல் கீழே பள்ளத்தாக்கிலிருந்து எழும் காற்று, தினமும் எழுவதுதான், முக்காட்டை முகத்தில் அடித்தது. பூச்சி கிளம்பிய புல் பக்கமிருந்து வீசியது, குச்சியைத் தாண்டி, வயல் நெடுக. உல்கான் நின்றுவிட்டாள். மூணாவது வரி என்று சொன்னபோது காற்றை நினைத்தாளா, பேசினை நினைத்தாளா? இல்லை. நாலாவது வரியில் பிடுங்கும்போது கைக்குத் தட்டுப்பட்ட கிழங்குதான் வயலிலேயே தடிப்பு, அதைத் தின்னக் கொடுக்காமல் விதைக்கு வைக்க வேண்டும், அது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. "வாங்க அண்ணி, டீ ஆறுது," என்று எசென் கூப்பிட்டான்.