சன்னல் எந்தப் பக்கம்

சின்னவளுக்கு வயது அறுபத்தொன்று. படியைக் கண்டாலே முழங்கால் இரண்டும் முனகும், தலையில் கறுப்பு முடியை எண்ணிவிடலாம். ஆனாலும் அக்கா வாய்க்கு அவள் குட்டிதான். எழுபது வயது அக்கா "ஏ குட்டி" என்று குரல் கொடுத்தால், பக்கத்து வீட்டுக்காரி தன் பூனையைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எட்டிப்பார்ப்பாள்.

அக்கா தையல் மெஷினோடு தங்கை வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாயிற்று. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தனியாக இருந்து தைத்துப் பிழைத்த வாடகை அறையை வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டதும், யாரிடமும் கலந்து பேசாமல் முதியோர் இல்லத்தில் பெயர் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே சேர வேண்டும். அங்கே கட்டில் உண்டு, அலமாரி உண்டு, தையல் மெஷினுக்கு மட்டும் இடமில்லை. அதனால் மெஷினைத் தங்கை தலையில் கட்டிவிட்டுப் போவதாக ஏற்பாடு. தங்கைக்கோ தையல் என்றால் ஊசியில் நூல் கோக்கத் தெரியும், அதோடு சரி. முப்பத்திரண்டு வருஷம் நூலகத்தில் புத்தகம் அடுக்கியவள் அவள்.

"எங்களோடயே இருந்துடேன்க்கா" என்று இந்த ஒன்பது நாளில் மூன்று முறை கேட்டாகிவிட்டது. மூன்று முறையும் ஒரே பதில்தான். "எலி வளையானாலும் தனி வளை வேணும்டி."

"அங்க நாலு பேரு ஒரே ரூம்ல படுக்கறது தனி வளையா?"

அதைக் கேட்டதும் அக்கா எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அப்படியானால் உண்மைக் காரணம் வேறே. அதைச் சொல்ல மாட்டாள். இந்தக் குடும்பத்தில் மனசில் உள்ளதைச் சொல்வதற்கு நல்ல நேரம் பார்த்துப் பார்த்தே ஆளுக்கு நரை விழுந்துவிட்டது.

கேட்டால்தானே மறுப்பாள், கேட்காமல் ஓர் இடம் அமைத்துவிட்டால்? உட்கார்ந்து ஒரு தையல் போட்டுவிட்டால் எழுந்து போக அவளுக்கு மனசு வராது. சனிக்கிழமை காலை, இல்லத்துக்கு வேண்டிய மருத்துவச் சான்றிதழ் வாங்க அக்கா கிளம்பிப் போனதும், சின்னவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

வீடு இரண்டே அறை. அடுக்களைக்கும் படுக்கையறைக்கும் நடுவே முட்டுச்சந்து மாதிரி ஓர் இடைவெளி. நாலரை அடி அகலம், ஏழடி நீளம், கடைசியில் ஒரு சன்னல். அதில் பழைய பத்திரிகை, ஓடாத மின்விசிறி, "எதற்காவது ஆகும்" என்று வைத்து எதற்குமே ஆகாத சாமான்கள் எல்லாம் கிடந்தன. சின்னவளின் கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எந்தப் பொருளை நகர்த்தினாலும் பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்துத்தான் நகர்த்துவார். இரண்டு மணி நேரத்தில் அந்த இடம் காலியாயிற்று.

"மெஷினை எந்தச் சுவத்துல வைக்க?" என்று கேட்டார் அவர்.

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வீடு அப்படியே வந்து நின்றது. ஒரே அறை. அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவாள். அக்கா பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். தலையணை உறை, பள்ளிச் சீருடை, ஆள் உயரத்துக்குத் திரைச்சீலை. வெள்ளைத் துணி தரையில் புரண்டால் கெட்டது கதை. அதை ஏந்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். எட்டு வயதுச் சின்னவள்தான் அந்த ஆள். தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, ஊசியைத் தாண்டி வரும் துணியை மடியில் வாங்கி மடித்துக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பிப்பாள். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கினால் மிதி நின்றுவிடும். சரியாகச் சொன்னதும் மறுபடி ஓடும். எண்ணெயும் புதுத் துணியும் கலந்த அந்த வாசனை இப்போது மூக்கில் ஏறியது.

"சன்னல் வலது பக்கம் வரணும்" என்றாள் கண்ணைத் திறக்காமல். "கத்தரி தொங்கற ஆணி இடது பக்கம். பட்டன் டப்பா சன்னலோரம்."

"வெளிச்சம் வலதுலேருந்து வந்தா மெஷினோட கழுத்து ஊசியை மறைக்காதா?"

"எனக்குத் தெரியாதா? கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்."

டிரைவர் நாற்பது வருஷத் தாம்பத்தியம் கண்டவர். மறுபேச்சு பேசாமல் ஆணி அடித்தார். மெஷினை இடத்தை அடைக்காதபடி சுவரோடு ஒட்டிப் போட்டார். சின்னவள் மேலே ஒரு பலகைத் தட்டு வைத்து நூல்கண்டுகளை அடுக்கினாள். கை சும்மா இருக்குமா? அகர வரிசையில் அடுக்கிவிட்டாள். ஆரஞ்சு, ஊதா, கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை. ஒவ்வொன்றின் கீழும் சீட்டு எழுதி ஒட்டினாள். அட்டைப்பெட்டியில் துணி, பிஸ்கட் டப்பாவில் நூல் சுற்றும் பாபின், கதவின் பின்னால் மடக்கிவைக்கிற இஸ்திரிப் பலகை. பார்க்கப் பார்க்க அவளுக்கே பெருமை பிடிபடவில்லை.

மத்தியானம் சான்றிதழோடு அக்கா வந்தாள். "இது என்னடி" என்றாள். சின்னவள் ஒரு தலையணை உறைத் துணியைக் கையில் கொடுத்து, பேசாமல் ஸ்டூலைக் காட்டினாள்.

அக்கா உட்கார்ந்தாள். பாதம் மிதியைத் தொட்டது. சக்கரத்தைத் தள்ளினாள். ஊசி இருந்த இடம் நிழலாக இருந்தது. கண்ணை இடுக்கி, கழுத்தைச் சாய்த்து, ஒரு சாண் தைத்தாள். வலது கை தானாகக் கத்தரிக்குப் போய்ச் சுவரைத் தடவிவிட்டுத் திரும்பியது. கறுப்பு நூலுக்கு அண்ணாந்தாள், ஊதா கைக்கு வந்தது. தையல் மாட்டு வண்டித் தடம் போல வளைந்து போயிருந்தது. துணியைத் திருப்பி வைத்தாள்.

"நல்லா இருக்கு குட்டி. நீ தைக்க வசதியா இருக்கும்."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. அக்கா திட்டியிருக்கிறாள், குட்டியிருக்கிறாள், அளவுகோலால் ஒன்று வைத்துக்கூட இருக்கிறாள். மரியாதையாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் கோபத்தோடு. "அப்படியே நம்ம பழைய வீட்டு மூலைதான் இது. ஒரு ஆணி மாறலை."

"பழைய வீட்டுல சன்னல் இடது பக்கம்."

"வலது பக்கம்."

"தைச்சவ நானா, நீயா?"

"பார்த்தவ நான்."

டிரைவர் குறுக்கே வந்தார். "ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருந்தீங்க? ஆளுக்கு ஒரு முயலைப் பிடிச்சிக்கிட்டு மூணே கால்னு நிக்கறீங்களே."

சின்னவள் விடவில்லை. "மெஷினை இப்படி இழுங்க. நான் உட்கார்ந்தே காட்டறேன்." டிரைவர் பின்னால் பார்த்துவிட்டு மெஷினைச் சுவரிலிருந்து இழுத்தார். முழங்கால் நறநறக்க, சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே நுழைந்து தரையில் அமர்ந்தாள். அந்தப் பழைய இடம். மெஷினுக்கு மேலே அக்காவின் முகம் தெரிந்தது. சின்னவள் வலது பக்கம் திரும்பினாள். சன்னலைக் காணோம். இடது பக்கம் திரும்பினாள். அங்கே இருந்தது. கத்தரி வலது பக்கம் தொங்கியது. எல்லாமே தப்பான பக்கத்தில் இருந்தன.

"எதிர்ல வர்றவனுக்கு நம்ம இடதுதானே வலது" என்றார் டிரைவர் மெதுவாக. "நீ எப்பவும் இங்கிருந்துதான் பார்த்திருக்க."

சின்னவள் ஆயிரம் சாயங்காலம் அந்த மூலையில் இருந்திருக்கிறாள், ஒரு நாள்கூட அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்ததில்லை. மெஷினைத் தொட விட்டதேயில்லை அக்கா. "நீ படி, இது உனக்கு வேணாம்" என்பாள்.

அக்கா துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, கேட்காமலே சொன்னாள். "உன் வயசுப் பிள்ளைங்க தெருவுல விளையாடற சத்தம் சன்னல் வழியா வரும். எனக்குக் கேட்கும். உனக்கும் கேட்டிருக்கும். ஆனா எனக்கு ஆள் இல்லை, உன்னை இங்க உட்கார வெச்சேன். உன் சின்ன வயசை நான் தின்னுட்டேன் குட்டி. மிச்ச வயசையும் வந்து தின்னணுமா? அதான் அங்க போறேன்."

ஒன்பது நாளாகச் சொல்லாத காரணம் இதுதான். ஒன்பது நாள் என்ன, ஐம்பது வருஷமாகவே உள்ளே வைத்துப் பூட்டியிருந்தாள். சின்னவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"பைத்தியமாக்கா நீ? சன்னல் என் கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு. ஒரு நாளாவது வெளிய எட்டிப் பார்த்தேனா? உன்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். பல்லால நூலைக் கடிப்ப, உதட்டை மடிச்சுக்குவ, நான் வாய்ப்பாட்டைச் சரியாச் சொன்னா தலையை ஆட்டுவ. அம்மா வர்ற வரைக்கும் நீ எனக்கு மட்டும்தான். அதைவிட நல்ல நேரம் என் வாழ்க்கையில வரவே இல்லை."

"கல்யாணத்துக்கு அப்புறமும் வரலையா?" என்றார் டிரைவர்.

"நீங்க சும்மா இருங்க."

அக்கா சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைக்க அந்தக் கோணல் தையல்தான் கைக்கு அகப்பட்டது. சற்று நேரம் எதிரே தரையில் இருந்த நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளும் இந்தப் பக்கத்தை நன்றாகப் பார்த்ததில்லை. பார்வை முழுக்க ஊசி மேலேயே இருந்திருக்கிறது.

"எழுந்திருடி. முதல்ல இதையெல்லாம் மாத்தணும்" என்றாள். "அந்த ஊதாவை யார் கேட்டாங்க? கறுப்பும் வெள்ளையும் கிட்ட இருக்கணும்."

எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார்கள். ஆணி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போனது. நூல்கண்டுகள் அகர வரிசையைத் துறந்தன. டிரைவர் மெஷினை எதிர்ச் சுவரோடு ஒட்டப்போனார்.

"ஒட்டாதீங்க மாப்பிள்ளை. பின்னாடி இடம் வேணும்."

"துணி விழறதுக்கா அண்ணி?"

"இவ உட்கார்றதுக்கு. தரையில வேணாம், முழங்கால் போயிடும். குட்டை ஸ்டூல் ஒண்ணு பாருங்க."

டிரைவர் டேப்பைப் பிடித்து அளந்தார். ஒன்றே முக்கால் அடி இருந்தது. ஒடுங்கின ஆளாக இருந்தால் போதும் என்று சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டூல் தேடப் போனார்.

ஸ்டூலோடு அவர் திரும்பி வரும்போது போன் அடித்தது. இல்லத்திலிருந்து பேசினார்கள். நாளைக் காலை எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்டார்கள். டிரைவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா அப்போது உறைத் துணியை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். வாயில் நாலு குண்டூசி இருந்ததால் பேச முடியவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள்.

"வரலைங்க" என்றார் டிரைவர். அந்தப் பக்கம், அடுத்த மாதத்துக்கு அந்தக் கட்டிலை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார்கள். அவர் மறுபடி பார்த்தார். அக்கா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்தாள்.

"வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்க" என்றாள்.