பானெட்டின் மேல் ஈரப் போர்வை

"இன்னைக்கு ஸ்கூல் இல்லையா உனக்கு?"

எங்கள் காரை விலைக்குப் பார்க்க வந்த பல் டாக்டரம்மா இப்படிக் கேட்டபோது நான் எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் முட்டி போட்டு, ஒரு பலகையைச் சரிவோடு சரிவாகப் பொருத்திக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. தெருவில் என் வயசுப் பெண்கள் பையை மாட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. புது ஆட்களிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அண்ணன்தான் காருக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அது வீட்டுல இருந்தே படிக்குது டாக்டர்" என்றான்.

பொய். நான் ஸ்கூலுக்குப் போகாததற்குக் காரணமே அவன் உட்கார்ந்திருந்த கார்தான்.

அண்ணன் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறான். நாள் முழுக்க உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, யாருடைய சாமானையோ தூக்கி யாருடைய சாமான் மேலோ வைக்கிற வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அந்தச் சிவப்பு காரோடு வந்து நின்றான். ஸ்போர்ட்ஸ் கார். வயது பன்னிரண்டு. இவனுக்கு முன்னால் நாலு பேர் ஓட்டியிருந்தார்கள். புதுசில் என்ன விலையோ அதில் எட்டில் ஒரு பங்குக்குக் கிடைத்ததாம். சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அம்மா காரைச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "நாம மூணு பேருடா. இதுல ரெண்டு சீட்டுதானே இருக்கு?"

"அது ஸ்போர்ட்ஸ் கார்மா. அப்படித்தான் இருக்கும்."

"சரி, அப்ப நான் பின்னாலேயே ஓடி வரேன். எனக்கும் உடம்பு இளைச்ச மாதிரி இருக்கும்."

அன்றைக்கு நன்றாகச் சிரித்தோம்.

எங்கள் வீட்டு வாசல் தெருவைவிட ஒரு முழம் உயரம். கேட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும் சரிவு குட்டையானது, செங்குத்தானது. மற்ற வண்டிகள் ஏறிவிடும். இதன் வயிறு தரையிலிருந்து நாலு விரல்கடைதான். முதல் நாளே இறங்கும்போது அடியில் கரகரவென்று இழுத்தது, சைலன்சர் பிய்ந்தது. தெருவிலேயே நிறுத்திப் பார்த்தான். மூன்றாம் நாள் பக்கவாட்டுக் கண்ணாடியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒற்றைக் கண்ணாடியின் விலை அண்ணனுடைய பாதிச் சம்பளம். அதற்குப் பிறகுதான் பலகை வந்தது. இரண்டு நீளப் பலகைகளைச் சரிவில் வைத்து, அதன் மேல் காரை இறக்க வேண்டும். காரின் மூக்கு நீளம் என்பதால் உள்ளே இருப்பவனுக்குப் பலகை தெரியாது. ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டே, "இடது பக்கம் ஒரு விரல், இன்னும் ஒரு விரல், போதும் போதும்" என்று சொல்ல வேண்டும்.

அம்மா ஆறு மணிக்கே ஹோட்டல் சலவைக்கூடத்துக்குப் போய்விடுவாள். அண்ணன் கிளம்புவது ஒன்பதரைக்கு, அதற்கு முன்னால் இறக்கித் தெருவில் நிறுத்த அவனுக்குப் பயம். ஸ்கூல் மணி எட்டுக்கு.

"ஒரு வாரம் மட்டும் பாத்துக்கோ பூனை. அதுக்குள்ள சரிவை இடிச்சுக் கட்டிடறேன்" என்றான் அண்ணன். நான் நடந்தால் சத்தம் வராது என்று அவன் எனக்கு வைத்த பேர் பூனை.

சரிவை இடிக்க வைத்திருந்த பணம் கிளட்ச்சுக்குப் போனது. நான் தினமும் பத்து மணிக்கு வகுப்பு வாசலில் போய் நின்றேன். நாற்பது தலைகள் திரும்பும். டீச்சர் பேசுவதை நிறுத்துவார். காரணம் கேட்பார். "கார்" என்று எப்படிச் சொல்வது? கார் இருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு லேட் ஆகுமா? ஒரு மாதம் அப்படி நின்றேன். ஒருநாள் நிற்க முடியவில்லை, பாதி வழியில் திரும்பிவிட்டேன். அந்தப் பருவத்துப் பீஸும் கியர்பாக்ஸோடு சேர்ந்து போனது. பேரை அடித்துவிட்டார்கள்.

அதிலிருந்து காரைப் பார்த்துக்கொள்வது என் வேலையாகிவிட்டது. காலையில் அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். வாரம் ஒருமுறை ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து அளவு பார்ப்பேன். அண்ணன் பில்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவான், நான் படிப்பேன். படிக்க வேறு என்ன இருந்தது? அந்த காருக்கு டயர் எல்லாக் கடையிலும் கிடைக்காது. வரவழைக்க வேண்டும், அதற்கு ஆறு வாரம். பிரேக் கட்டை சாதா காருக்கு ஆகிற செலவைப்போல மூன்று மடங்கு. இன்சூரன்ஸ்காரர் காரின் பேரைக் கேட்டதுமே சீட்டில் எழுதிய தொகையை அடித்துவிட்டுப் பெரிதாக எழுதினார். ஐம்பது நாள் ஓடினால் முப்பது நாள் ஷெட்டில் நிற்கும்.

மெக்கானிக் ஒரு தடவை அண்ணனிடம் சொன்னார். "தம்பி, இத வாங்குறது ஒரு தடவைதான். வச்சிருக்கிறதுதான் தினம் தினம்." அண்ணன் சிரித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தான்.

கடைசியாகப் புகை. ராத்திரி நின்ற கார் காலையில் ஸ்டார்ட் ஆனதும் பின்னால் நீலமாய்க் குபுகுபுவென்று வரும். இரண்டு நிமிஷத்தில் நின்றுவிடும். வால்வு சீல் தேய்ந்து ஆயில் உள்ளே இறங்குகிறது, இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். செலவைக் கேட்டதும் அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "வித்துடலாம்மா" என்றான்.

அந்த மாதம்தான் அடுத்த தெரு மாலை வகுப்பில் தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்களுக்குப் பேர் பதிந்தார்கள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, சாயந்திரம் ஐந்து மணி. இந்த வருஷம் விட்டால் வயசு தாண்டிவிடும், பிறகு சேர்க்க மாட்டார்கள். "வண்டி போன அன்னைக்கே உன் பீஸக் கட்டிடறேன் பூனை. சத்தியம்" என்றான் அண்ணன். மனசாரத்தான் சொன்னான்.

வியாழக்கிழமை பல் டாக்டரம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். மகனை வெளியூருக்கு அனுப்பிவிட்டாராம், இனிமேல் தனக்காக ஒன்று வாங்கப்போகிறாராம். என்னிடம் ஸ்கூலைப் பற்றிக் கேட்டுவிட்டு, நேராகப் போய்ப் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"சூடா இருக்கே. யாரு ஸ்டார்ட் பண்ணது?"

எட்டு மணிக்கு ஸ்டார்ட் பண்ணிப் புகையெல்லாம் போக்கியது நான்தான். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் பலகையைப் பார்த்தேன்.

"சும்மா... துடைக்கும்போது நகர்த்தினோம் டாக்டர்."

டாக்டரம்மா சிரித்தார். "என்கிட்ட வர்றவங்க வலி மாத்திரைய முழுங்கிட்டு வந்து, இப்ப வலியே இல்ல டாக்டர்ம்பாங்க. எனக்குப் பழக்கம்தான். நாளைக்கு இதே நேரம் வரேன். யாரும் தொடாம வைங்க."

அன்று சாயந்திரம் வீட்டில் கூட்டம் போட்டோம்.

"தொடாம வச்சா புகை அந்தம்மா மூஞ்சியிலதான் அடிக்கும்" என்றான் அண்ணன்.

"தொட்டா சுடும்" என்றாள் அம்மா.

"ஏழரைக்கு ஸ்டார்ட் பண்ணிப் புகையை வெளிய விட்டுட்டு, அப்புறம் ஆற வச்சா?"

"எப்படிடா ஆறும் அதுக்குள்ள?"

"ஈரத்துணி போட்டா?"

அம்மா யோசித்தாள். சலவைக்கூடத்தில் இருபது வருஷம் வேலை செய்தவள். சூடான துணியை ஆற வைப்பதும் ஆறியதைச் சூடாக்குவதும் அவளுக்குக் கை வந்த வேலை. "துணி பத்தாது. ரெட்டைப் போர்வை வேணும்" என்றாள். மறுநாளைக்கு ஷிப்டையும் மாற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு ஸ்டார்ட் பண்ணினோம். புகை வந்தது, போனது. பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தான். அம்மா பெரிய போர்வையை நனைத்து விரித்தாள். போட்ட வேகத்தில் ஆவி கிளம்பியது. நான் குவளை குவளையாக மேலே ஊற்றினேன். போர்வை சூடாகச் சூடாக மாற்றினோம். எட்டரைக்கு அம்மா புறங்கையை வைத்துப் பார்த்து, "தொட்டில் பிள்ளை நெத்தி மாதிரி இருக்கு" என்றாள். தரையைத் துடைத்து, பானெட்டைத் துணியால் ஒற்றி, போர்வையைப் பின்பக்கம் ஒளித்தோம். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. ஐந்து மணிக்குள் என் பேர் பதிவாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பானெட்டில் காற்றுப் போவதற்கு வரிவரியாய்ச் சந்து இருப்பதை மூன்று பேரும் மறந்துபோனோம்.

டாக்டரம்மா வந்தார், தொட்டுப் பார்த்தார், தலையாட்டினார். சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்தது. பின்னால் போய் நின்று பார்த்தார். புகை இல்லை. கைப்பையைத் திறந்தார். அப்போது கீழே டக் டக்கென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தார். காரின் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி ஓடையாய் வந்துகொண்டிருந்தது.

"என்ன இது?"

"ஏசி தண்ணி டாக்டர்" என்றான் அண்ணன் பட்டென்று.

"இப்பத்தானே ஸ்டார்ட் பண்ணேன்? ஏசியே போடலையே?"

அண்ணன் குனிந்து காருக்கு அடியில் பார்த்தான்.

"ரேடியேட்டர் ஒழுகுது தம்பி. சொல்லியிருந்தா நான் ரெண்டு நாள் அலைஞ்சிருக்க மாட்டேன்." கைப்பையின் ஜிப்பை இழுத்தார். கேட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

ரேடியேட்டருக்கு ஒன்றும் இல்லை. அந்த காரில் கெடாத ஒரே சாமான் அதுதான். அதைச் சொன்னால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அண்ணனால் முடியாது. அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா கேட்டில் கை வைத்துவிட்டார்.

"அது நாங்க ஊத்தினது" என்றேன்.

என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. டாக்டரம்மா திரும்பினார்.

"ஏன் ஊத்தினீங்க?"

"பானெட் ஆறணும்னு. ஏழரைக்கே ஸ்டார்ட் பண்ணிட்டோம். காலையில நீலமா புகை வரும். வால்வு சீல் போயிடுச்சு. ரேடியேட்டர் நல்லா இருக்கு."

"பூனை!" என்றான் அண்ணன்.

"இருங்க தம்பி. வேற என்ன இருக்கும்மா?"

ஒட்டியிருந்த நாக்கு விடுபட்டதும் நிறுத்தத் தெரியவில்லை. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கும், கிளட்ச் எத்தனை தடவை மாற்றியது, டயர் எங்கிருந்து வர வேண்டும், மழையில் எந்தக் கதவு வழியாகத் தண்ணீர் இறங்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கியர்பாக்ஸ் புதுசு, பிரேக் புதுசு என்பதையும் சொன்னேன். டாக்டரம்மா குறுக்கே பேசவே இல்லை. பல்லைக் காட்டச் சொல்லிவிட்டுப் பார்ப்பவர்போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார் முடிவில். "இப்ப தெரிஞ்சுடுச்சு. நீங்க சொன்ன விலையில பாதி. இன்ஜின நான் பிரிச்சுக்கறேன். பணம் கையிலயே இருக்கு."

பாதி என்றாலும் என் பீஸைப்போல் நாற்பது மடங்கு.

"பாதியா?" என்றான் அண்ணன். "நான் இதுல போட்டதே அதுக்கு மேல டாக்டர்."

"போட்டது போயிடுச்சு தம்பி. நான் வாங்கப்போறது அத இல்லையே." அவர் விசிட்டிங் கார்டை எடுத்து வாசல் திண்டின் மேல் வைத்தார். "மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் க்ளினிக்ல இருப்பேன். அதுக்கப்புறம் வேற வண்டி பாத்துடுவேன்."

அவர் போனதும் அம்மா மெதுவாகச் சொன்னாள். "குடுத்துடுடா. விட்டது சனியன்னு இருக்கலாம்."

"வேணாம்னு யார்டுல அத்தனை பேரும் அன்னைக்கே சொன்னானுங்க. இப்ப பாதி விலைக்குக் குடுத்தா அவனுங்க சொன்னது சரின்னு ஆயிடும்ல? வால்வு சீல் மட்டும் போட்டுட்டா முழு விலைக்குப் போகும்மா. இன்னும் அது ஒண்ணுதான் பாக்கி."

கிளட்ச்சுக்கும் இதைத்தான் சொன்னான். கியர்பாக்ஸுக்கும். அவன் கண்ணைப் பார்த்தேன். திட்டுவான் என்று நினைத்திருந்தேன். அதில் கோபமே இல்லை. அந்தக் கண்ணாடிக் கூண்டிலிருந்து ஏணி எங்கே என்று தேடுகிறவன்போல இருந்தான்.

"அண்ணா, அஞ்சு மணிதான் கடைசி" என்றேன். "அடுத்த வருஷம் சேத்துக்க மாட்டாங்க."

கேட்டான். நன்றாகக் கேட்டான். கார் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான். எப்போதும் திறந்தே கிடக்கும் அந்தப் பையின் பொத்தானை, துளையைத் தேடித் தேடி மாட்டினான். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டான். டாக்டர் க்ளினிக் தெருவின் இடது கோடியில் இருக்கிறது. அவன் வலது பக்கம், புகை வந்ததிலிருந்து அவன் ஏறுகிற யார்டு பஸ் வருகிற பக்கம், நடந்து போனான்.